மலைப்பாதையைக் கரைக்கும் மழைநீர்: காக்கக் கற்றுக்கொள்வோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் காசிங், புக்கிட் கியாரா பக்கம் போனால் நம்மவர்களை நிறையவே பார்க்கலாம். இனிப்புநீருக்காக நடப்பவர்கள், பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், காசிங் மலைச் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஒரு சுற்று நடப்பவர்கள் என்று பலர் வருகிறார்கள். வழக்கமாக வருபவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். மண் தரையாக இருந்த இடம் இன்று வாய்க்கால் போலப் பள்ளமாகிக் கிடக்கிறது. மர வேர்கள் ஏணிப்படி போல வெளியே துருத்தி நிற்கின்றன. மழை பெய்த மறுநாள் கால் வழுக்காமல் இறங்குவதே பெரும்பாடு. பாதை மோசமானால் முதலில் நின்றுவிடுவது வயதானவர்களின் நடைதான்.

ஆள் நடமாட்டம் அதிகமாகிவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்கிறோம். அதில் பாதி உண்மைதான். கால்கள் மண்ணைத் தளர்த்துகின்றன. அதை அள்ளிக்கொண்டு போவது மழைநீர். நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அந்த நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பார்த்து வெட்டப்பட்ட பாதை பல ஆண்டுகள் நிற்கும். அதைப் பார்க்காமல் வெட்டிய பாதை சில பருவங்களிலேயே ஓடையாகிவிடும்.

தோட்டத்து மக்கள் அறிந்த பாடம்

மலைச்சரிவில் ரப்பர் நட்ட தோட்டங்களில் நிரைகள் மேலிருந்து கீழாக நேராக இறங்காது. மலையைச் சுற்றிப் படிப்படியாக வெட்டி, அந்தப் படிகளில்தான் கன்றுகளை நடுவார்கள். படியின் தரை மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். நீரும் மண்ணும் அங்கேயே தங்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சாய்வு. ஆங்காங்கே குழி வெட்டி, அடித்துவரும் மண்ணையும் பிடித்து வைப்பார்கள். புக்கிட் கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். அங்கு வேலை செய்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அதன் அடிவாரத்தில் வசிக்கிறார்கள். காட்டுக்குள் பழைய பால்மரங்களை இப்போதும் காணலாம்.

நடைபாதைக்கும் மலையைச் சுற்றிப் போவதுதான் முறை. ஆனால் சாய்வு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மரத்துக்கு நீர் தங்க வேண்டும். பாதையில் நீர் தங்கவே கூடாது. எனவே பாதையின் வெளி ஓரம், அதாவது பள்ளத்தாக்குப் பக்கம், சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலப் பாதை என்றால் வெளி ஓரம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தால் போதும். மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து, மெல்லிய படலமாகக் கீழே இறங்கிவிடும்.

மூன்று கணக்குகள்

1988இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அனைத்துலக மலைச் சைக்கிளோட்டச் சங்கம் பாதை அமைப்புக்கான விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. பல நாடுகளில் தொண்டூழியர்கள் அவற்றைத்தான் கற்கிறார்கள். நடப்பவர்களின் பாதைக்கும் அவை பொருந்தும்.

முதலாவது, பாதி விதி. மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது. சரிவு 40 விழுக்காடு என்றால் பாதை 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர் குறுக்கே கடக்காமல் பாதையோடு சேர்ந்து ஓடத் தொடங்கும்.

இரண்டாவது, முழுப் பாதையின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதாவது, 10 மீட்டர் தூரம் போனால் ஒரு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது.

மூன்றாவது, ஏறிக்கொண்டே போகும் பாதை இடையிடையே சற்று இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். அந்தத் தாழ்ந்த இடத்தில் நீர் வெளியேறிவிடும். பொதுவாக 6 முதல் 15 மீட்டருக்கு ஒன்று வைப்பார்கள்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளப் பலகையும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மட்டம் காட்டும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டரோ, ஏற்றம் அத்தனை விழுக்காடு.

பழுது பார்ப்பது எப்படி?

புதிய பாதை வெட்டும் வாய்ப்பு நம்மில் சிலருக்குத்தான் கிடைக்கும். பராமரிப்பை எல்லாரும் கற்கலாம். மழை விட்டவுடன் போய்ப் பார்ப்பதுதான் முதல் பாடம். நீர் எங்கே தேங்குகிறது, எங்கே பாதையில் நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல பாதைகளில் காலப்போக்கில் நடுப்பகுதி அழுந்தி, வெளி ஓரத்தில் மண் வரப்புபோல உயர்ந்துவிடும். நீர் வெளியேற முடியாமல் பாதையிலேயே ஓடும். மண்வெட்டியால் அந்த வரப்பைச் செதுக்கி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நீர் வெளியேறும் தாழ்ந்த இடங்களில் அடைத்த இலைகுப்பையை வாரிவிடுவதும் முக்கியம். ஓரிரு மணி நேரத்தில் முடியும் வேலைகள் இவை.

செய்யக் கூடாதவையும் உண்டு. சேற்றுக் குழியில் செங்கல், சிமெண்டு உடைசலைக் கொட்டினால் நீர் அதைச் சுற்றி இன்னொரு வழி தேடும். சரிவில் நேராக இறங்கும் சிமெண்டுப் படியிலும் இதே தொல்லைதான். நீர் படியின் ஓரத்தை அரிக்கும். தடுக்கும் வேர்களை வெட்டினால் மரம் பலவீனமாகும். மண்ணும் பிடிமானம் இழக்கும்.

சேறு நிரந்தரமாக இருக்கும் இடத்தில் வேறு வழி வேண்டும். கேமரன் மலையின் பாசிக் காட்டில் தரை பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அங்கே எந்தச் சாய்வும் பயன்படாது. அதனால்தான் தரையைத் தொடாமல் நடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

நடப்பவர்களின் பங்கு

மண்வெட்டி பிடிக்காதவர்களும் உதவலாம். சேற்றைச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே நடந்து செல்லுங்கள். சுற்றிப் போகப் போகப் பாதை அகலமாகி, ஓரச் செடிகள் அழியும். வளைவுகளில் குறுக்கு வழி பிடிக்காதீர்கள். நாம் மிச்சப்படுத்தும் அரை நிமிடம், அடுத்த மழைக்கு ஒரு புது வாய்க்காலைத் திறந்துவிடுகிறது.

அனுமதி பெறுங்கள்

ஆர்வம் இருக்கிறது என்பதற்காகப் பாராங் கத்தியோடு காட்டுக்குள் இறங்கிவிடக் கூடாது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழையவே மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும். நகரப் பூங்காக்கள் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருக்கின்றன. உங்கள் வட்டாரத்தில் அனுமதியோடு கோத்தோங் ரோயோங் நடத்தும் குழுவில் சேருவதே நல்ல தொடக்கம். அனுபவமுள்ளவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள்.

கோயில் இளைஞர் மணிமன்றங்களும் பள்ளிகளின் சாரணர் இயக்கங்களும் இதை ஆண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். மழைநீர் ஒரு மலையில் எப்படி இறங்கும் என்பதை வாழ்ந்தே அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.