கடுக்காய்: சூரணத்திலும் சாயத்திலும்

நீளவாக்கில் வரியோடிய காய்தான் கடுக்காய். பொங்கலூருக்குத் தெற்கே, உடுமலையைத் தாண்டினால் ஆனைமலைச் சரிவு. முதுவர், புலையர் பழங்குடியினரின் குடியிருப்புகளைச் சுற்றிய அந்தக் காட்டில் இதனுடன் நெல்லியும் தான்றியும் உண்டு. மூன்றையும் சேர்த்து இடித்தால் நாட்டு மருந்துக் கடையின் திரிபலாச் சூரணம். நெல்லியை அப்படியே கடித்துத் தின்னலாம்; கடுக்காய் பட்டால் துவர்ப்பில் நாக்கு இழுத்துக்கொள்ளும். மருந்துக்கும் கொட்டையை நீக்கித் தோலைத்தான் எடுப்பார்கள்.

நூலும் துணியுமாக வாழும் பொங்கலூர்ப் பக்கத்துக்கு அந்தத் துவர்ப்புதான் முக்கியம். பருத்தியில் இயற்கைச் சாயம் லேசில் பிடிக்காது. கடுக்காய் நீரில் ஊறவைத்து, பிறகு படிகாரத்தில் நனைத்தால் பிடிக்கும். இரும்புக் கரைசல் பட்டால் கறுக்கும். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடு அப்படி வந்ததே. 1856இல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கடுக்காய் மெல்ல மெல்லச் சாயத் தொட்டியை விட்டு வெளியேறியது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, இக்காய்களைச் சேகரித்து விற்கும் உரிமை காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உண்டு. ஆனால் காயாகவே விற்றால் கைக்கு வருவது சொற்பம். உலர்த்தி, கொட்டை நீக்கி, இடித்துப் பொட்டலம் கட்டும் வேலை மலைமேலேயே நடந்தால் கணக்கு மாறும்.