20 ஆயிரம் ரூபாயில் விளையாட்டுக் கம்ப்யூட்டர்! எதை மாற்றுவது? எதை விட்டுவைப்பது?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர். 2017-ம் ஆண்டு வாங்கியது. பையன் விளையாட உட்கார்ந்தால் படம் நின்று நின்று ஓடுகிறது. எதிரி சுட்ட பிறகுதான் எதிரியே கண்ணுக்குத் தெரிகிறான்!

"புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுங்கள், அப்பா. எல்லாம் சரியாகிவிடும்" என்கிறான் பையன்.

2024-ம் ஆண்டு கோடை விடுமுறை. அம்மாவின் சீட்டுப் பணம் 20 ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. தகப்பனாரும் மகனும் சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குப் புறப்படுகிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ, டி.வி. பாகங்களைத் தேடி வந்த தெரு. இப்போது கம்ப்யூட்டர் பாகங்கள் கொட்டிக் கிடக்கும் தெரு.

கடைக்காரர் அனுபவசாலி. கார்டை எடுத்துக் காட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டில் இருப்பது என்ன மதர்போர்டு, சார்?"

தகப்பனார் பையனைப் பார்த்தார். பையன் கூரையைப் பார்த்தான்.

"பார்த்துக்கொண்டு வாருங்கள், சார். இன்றைக்கு வாங்கிப் போய்விட்டு, நாளைக்கு இது பொருந்தவில்லை என்று வந்து நிற்கக் கூடாது."

வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று இப்படிச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், அவர் கடையை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்!

நோய் எங்கே?

விளையாட்டு ஓடும்போது கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது?

ப்ராசஸர் கணக்குப் போடுகிறது. யார் எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்பதெல்லாம் அதன் வேலை. அந்தக் கணக்கை வைத்து கிராபிக்ஸ் கார்டு படம் வரைகிறது. வேண்டிய சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசைதான் ரேம். மேசையில் இடம் போதாவிட்டால் ஹார்டு டிஸ்க் என்ற பரணில் ஏறி இறங்க வேண்டும்.

இந்த நால்வரில் ஒருவர் பின்தங்கினாலும் மற்றவர்கள் காத்து நிற்க வேண்டியதுதான்.

பின்தங்குகிறவர் யார் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விளையாட்டு ஓடும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற 3 பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' திறக்கும். யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று நூற்றுக்கணக்கில் அது காட்டிவிடும்.

பையன் விளையாடுவது வாலரன்ட். 2020-ல் வந்த விளையாட்டு. அன்று மாலை அப்பாவும் பிள்ளையும் டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்த்தார்கள்.

கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது! ப்ராசஸர் மூச்சு வாங்கியது. 8 ஜி.பி. ரேம் நிரம்பி வழிந்தது. ஹார்டு டிஸ்க் 100-ல் நின்றது.

பையன் கேட்ட கார்டை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதுக் கார்டும் சும்மா காத்துக்கொண்டு நின்றிருக்கும். சீட்டுப் பணம் போயிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. விளையாட்டில் படத்தின் அளவையும் தரத்தையும் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால், பின்தங்கியது கார்டு. கூடாவிட்டால், குற்றவாளி வேறு ஆள்.

பையன் மீதும் முழுத் தவறு இல்லை. சைபர்பங்க் 2077 போன்ற, படத்தாலேயே மிரட்டும் விளையாட்டுகளில் கார்டுதான் முதலில் திணறும். அவன் அந்த விளையாட்டை ஆடுகிறவனாக இருந்தால் அவன் சொன்னதே சரி. ஆகவே, "எந்த விளையாட்டு?" என்பதை முதலில் கேட்க வேண்டும்.

திரையையும் பார்க்க வேண்டும். விநாடிக்கு 60 படம் காட்டும் திரைக்கு 200 படம் அனுப்பினாலும் அது காட்டப்போவது 60 படம்தான்.

ஒரே வயது, வேறு வேறு தலையெழுத்து

அடுத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்கள். மதர்போர்டின் மீதே அதன் பெயர் அச்சிட்டிருந்தது. பி350. அதில் இருந்த ப்ராசஸர் ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 1400. 2017 ஏப்ரலில் வந்தது.

எதிர்வீட்டிலும் அதே ஆண்டு வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதில் இருப்பது இன்டெல் ஐ5 7400. 2017 ஜனவரியில் வந்த ப்ராசஸர்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனால் இரண்டின் தலையெழுத்தும் வேறு!

இன்டெல் கம்பெனி 2017 அக்டோபரில் 8-வது தலைமுறை ப்ராசஸரைக் கொண்டுவந்தது. பொருத்தும் இடம் பார்க்க அதே அளவு. ஊசிகளின் எண்ணிக்கையும் அதே 1151. ஆனால் பழைய போர்டில் வேலை செய்யாது! எதிர்வீட்டுக்காரர் வாங்கிய போர்டுக்கு 9 மாதத்திலேயே வழி அடைபட்டது.

அவர் இப்போது ப்ராசஸரையும் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு சின்ன ஆறுதல் உண்டு. இன்டெல் 12-வது தலைமுறைக்கு டி.டி.ஆர்.4 ரேம் ஏற்கும் போர்டுகளும் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்கினால் பழைய ரேமையாவது காப்பாற்றலாம்.

நம் பையன் வீட்டு பி350 போர்டு பிழைத்துக்கொண்டது. 5000 வரிசை ப்ராசஸர்களை இந்தப் பழைய போர்டுகளிலும் பொருத்தலாம் என்று ஏ.எம்.டி. 2022 மார்ச்சில் அறிவித்தது. ரைசன் 5 5600 அதில் உட்காரும். பழையதற்கு 4 மூளை. இதற்கு 6 மூளை. மின்சாரக் கணக்கு இரண்டுக்கும் 65 வாட்தான்!

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. போர்டு செய்த கம்பெனி, எந்தெந்த ப்ராசஸர் பொருந்தும் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கும். அதில் பெயர் இருக்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். 5600 என்றால் படம் காட்டும் வசதி உள்ளே கிடையாது. தனிக் கார்டு வேண்டும். 5600ஜி என்றால் அந்த வசதி உண்டு. ஆனால் தனிக் கார்டு வைத்து விளையாடுகிறவருக்கு வெறும் 5600-தான் நல்லது. இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் படம் காட்டும் வசதி இல்லை என்று பொருள். ஒரே ஓர் எழுத்தில் ஏமாந்தவர்கள் பலர்!

மலிவு கார்டின் வலை

"சின்னக் கார்டாக ஒன்றையும் சேர்த்து வாங்கிவிட்டால் என்ன?" என்று பையனுக்கு இன்னும் சபலம்.

2022 ஜனவரியில் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்ற கார்டைப் பாருங்கள். மதர்போர்டுடன் பேச அதற்கு 4 பாதைகள்தான். புது போர்டில் பெரிய குறை தெரியாது. பி350 போன்ற பழைய போர்டில் அந்தப் பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும். கார்டின் 4 ஜி.பி. நினைவு நிரம்பினால் நெரிசல்தான்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் சரித்திரம் தெரிந்து வாங்க வேண்டும். கிரிப்டோ நாணயம் எடுப்பதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பரில் ஈதரியம் நாணயத்துக்குக் கார்டே தேவையில்லை என்று ஆனதும் அவை பழைய சாமான் சந்தைக்கு வந்தன. கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் கோடு விழுகிறதா, விசிறி இரைகிறதா என்று கவனிக்க வேண்டும். பல ஆண்டு பழைய கார்டுக்குப் புதுப் பெயர் சூட்டி விற்கும் மோசடியும் உண்டு. 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவசப் புரோகிராம் பெரும்பாலும் அந்தக் குட்டை உடைத்துவிடும்.

தகப்பனாரின் பிடிவாதம்

"எஸ்.எம்.பி.எஸ். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அதற்கு எதற்குச் செலவு?" என்றான் பையன்.

கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசம்போல் வந்த பெட்டி அது. மேலே '450 வாட்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

தகப்பனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிறிய எழுத்தைப் படித்தார். 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தார். 12 × 18 = 216 வாட்!

ப்ராசஸரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆக, 450 என்ற பெயரில் உருப்படியாக இருந்தது பாதிக்கும் குறைவு. இது எரிந்தால் தனியாகப் போகாது. போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். பையன் முகம் சுளித்தாலும் இந்தச் செலவுதான் பட்டியலில் முதலில் நிற்க வேண்டியது.

புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டும்போது அதனுடன் வந்த ஒயர்களையே மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும் ஒயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைப் புதியதில் சொருகினால் ஹார்டு டிஸ்க் கருகலாம்.

வாங்கியது என்ன?

மறுபடியும் ரிச்சி தெரு. இந்தத் தடவை கையில் சீட்டு இருந்தது. ரைசன் 5 5600. இருக்கிற ரேமுக்கு ஜோடியாக இன்னொரு 8 ஜி.பி. ஹார்டு டிஸ்க்குக்குத் துணையாக ஓர் எஸ்.எஸ்.டி. பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 20 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. கார்டு வாங்கவில்லை.

அந்த ஆண்டே வாங்கியது நல்லதாகப் போயிற்று. 2025-ன் கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அதே ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு விண்டோஸ் 10-க்குக் காலமும் முடிந்தது. விண்டோஸ் 11-க்கான அங்கீகாரப் பட்டியலில் பழைய 1400 இல்லை. 5600 இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பையன் ஸ்குரு டிரைவரைத் தூக்கினான். தகப்பனார் தடுத்தார். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே போர்டின் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டால், புது ப்ராசஸரைப் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது. பாதியில் கரண்டு போனால் போர்டு பிணமாகிவிடலாம். யு.பி.எஸ். இரவல் வாங்கி வந்து, பென் டிரைவைச் சொருகி, இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மிக்சியைப் போடவில்லை!

பயாஸ் ஏறியது. ப்ராசஸர் உட்கார்ந்தது. ரேம் மட்டும் குறைந்த வேகத்திலேயே ஓடியது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்றோ டி.ஓ.சி.பி. என்றோ இருக்கும் விசையைத் தட்டியதும் அதுவும் சரியான வேகத்துக்கு வந்தது.

இப்போது எதிரி சுடுவதற்கு முன்பே தெரிகிறான்.

கழற்றிய பழைய ப்ராசஸரை எதிர்வீட்டுப் பையன் ஆசையோடு கேட்டான். கொடுக்க இவர்களுக்கும் மனம்தான். ஆனால் அவன் வீட்டுப் போர்டில் அது உட்காராதே!