கொடுக்குமுன் துடைத்துக் கொடுப்போம்



வீட்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் மடிக்கணினியை வறிய மாணவர் ஒருவருக்கு வழங்குவது நற்செயலாகும். தூசி தட்டி, திரையைத் துடைத்து, மின்னேற்றியையும் சேர்த்துக் கொடுக்கின்றோம். ஆனால் அதன் உள்ளே இருப்பவற்றைத் துடைத்தோமா என எம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

"கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டேனே" என்று சிலர் கூறுவர். நூலக அட்டவணையில் ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டால், அந்நூல் அலுமாரியை விட்டு அகன்றுவிடுமா? சுழலும் வன்தட்டிலும் நிகழ்வது இதுவே. கோப்பு எங்கே உள்ளது என்பதைக் காட்டும் குறிப்பு மட்டுமே நீங்குகின்றது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அப்படியே இருக்கும். அதை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் எவர்க்கும் எளிதில் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களாயிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவரும் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் இயங்கியவை 129. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவையோ 12 மாத்திரமே! ஏனையவற்றுள் பலவற்றில் கடனட்டை இலக்கங்களும் மருத்துவக் குறிப்புகளும் அந்தரங்கக் கடிதங்களும் கிடந்தன.

எமது இரகசியம் மட்டுமாயின் இழப்பு எம்மோடு போகும். ஆனால் ஆசிரியரின் கணினியில் மாணவர்களின் விபரங்கள் உள்ளன. பங்குப் பணிமனைக் கணினியில் குடும்பங்களின் பதிவுகள் உள்ளன. இவை எம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. பிறருடைய நம்பிக்கையைத் தானமாக வழங்க எமக்கு ஏது உரிமை? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கவென எமது நாட்டிலும் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெறுபவர் நேர்மையானவராகவே இருக்கலாம். எனினும் நாளை அவர் அதைத் திருத்தக் கொடுப்பார். மறுநாள் விற்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலில், தேவையானவற்றை வேறு இரண்டு இடங்களில் பிரதி செய்து, அவை திறக்கின்றனவா எனப் பாருங்கள். மின்னஞ்சல் முதலிய கணக்குகள் அனைத்திலிருந்தும் வெளியேறுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'ரீசெட் திஸ் பீசீ' என்பதற்குள் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தெரிவுசெய்து, மேலதிக அமைப்பில் 'க்ளீன் டேட்டா' என்பதையும் இயக்குங்கள். வன்தட்டாயின் இதற்குப் பல மணிநேரம் செல்லலாம். மின்னிணைப்பைத் துண்டிக்காது பொறுத்திருங்கள். முடிவில் விண்டோஸ் புதிதாய் நிற்கும். மாணவர் உடனே பயன்படுத்தலாம்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. உள்ளது. மேலெழுதும் முறை அதன் எல்லா மூலைகளையும் எட்டுவதில்லை. எனவே தயாரிப்பாளர் வழங்கும் அழிப்புக் கட்டளையை, விடயம் அறிந்த ஒருவரின் துணையோடு பயன்படுத்துவது நன்று. கணினி வாங்கிய நாளிலேயே தரவுகளை மறைகுறியாக்கி வைப்பது அதனினும் நன்று. கணினி இயங்கவே மறுத்தால், தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுங்கள்.

அன்பானவர்களே, பழைய கணினி ஒன்று ஓர் ஏழை மாணவரின் எதிர்காலத்தைத் திறக்கக்கூடும். ஆதலால் அச்சத்தால் அதை அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். ஒரு நாளை ஒதுக்கித் துடைத்துவிட்டு, மனநிறைவோடு கொடுப்போம்.