உலகத் தரவரிசை 772: ஒரு டென்னிஸ் வீரரோட வரவு செலவு

டென்னிஸ் ப்ளேயர்னாலே கோடீஸ்வரர்னு நினைக்கிறோம் இல்லையா? 2016-ல பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் வில்லிஸோட உலகத் தரவரிசை 772. வயசு 25. தங்கியிருந்தது அப்பா அம்மா வீட்ல. ஒரு கிளப்ல மணிக்கு 30 பவுண்டுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்துதான் செலவை ஓட்டினார்.

இந்த வேலையில மாசச் சம்பளமோ பி.எஃப்.போ கிடையாது, ஜெயிச்சாதான் காசு. அப்போ கீழ்மட்டப் போட்டிகள்ல மொத்தப் பரிசே 10,000 டாலர்தான். அதை சிங்கிள்ஸ் ஆடுற 32 பேரும் டபுள்ஸ் ஜோடிகளும் பங்கு போட்டுக்கணும். ஃப்ளைட், ரூம், ராக்கெட் ஸ்ட்ரிங் எல்லாமே சொந்தச் செலவு. முதல் ரவுண்ட்லயே தோத்தா அந்த வாரம் நஷ்டம்தான்.

அந்த வருஷம் விம்பிள்டன் தகுதிச் சுற்றுக்குள்ள நுழையவே அவர் மூணு மேட்ச் ஜெயிக்க வேண்டியிருந்தது. தகுதிச் சுற்றுல இன்னும் மூணு. ஏழாவதா, மெயின் டிராவுல 54-வது ரேங்க்ல இருந்த பெரான்கிஸையும் ஜெயிச்சார். அடுத்த ரவுண்ட்ல, சென்டர் கோர்ட்ல, ஃபெடரர்கிட்ட நேர் செட்ல தோத்தார். அந்த ரவுண்ட்ல தோத்தவங்களுக்கே 50,000 பவுண்ட்!

கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா இது ஒரு தடவை வந்த போனஸ் மாதிரி. அதுலயும் வரி போகும். அடுத்த வாரம் மறுபடி ஜெயிச்சாதான் வருமானம். 2021-ல ஓய்வு அறிவிச்சவர், பிறகு டபுள்ஸ் ஆடத் திரும்பி வந்தார்.