'சிம்ப்சன்ஸ்' அபு: பெயர் தந்தது ரே படம், சர்ச்சை தந்தது குரல்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1989 டிசம்பர் முதல் ஒளிபரப்பாகி வருகிறது 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர். படைப்பாளர் மேட் கிரேனிங் தம் பெற்றோர், தங்கைகளின் பெயர்களையே பாத்திரங்களுக்குச் சூட்டியது போன்ற துணுக்குகள் ரசிகர்களுக்கு மனப்பாடம். இந்தியர்களுக்குச் சுவையான துணுக்கு வேறு.

1990-இல் அறிமுகமான கடைக்காரர் அபுவின் பெயர், சத்யஜித் ரேயின் 'அபு' திரைப்பட வரிசையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் 70 லட்சம் பேர் படித்த வகுப்பில் முதலிடம், கணினி அறிவியலில் முனைவர் பட்டம், ஒரே பிரசவத்தில் எட்டுக் குழந்தைகள் என அவரது வாழ்க்கைக் குறிப்பே ஒரு நகைச்சுவை.

ஆனால், குரல் கொடுத்தவர் அமெரிக்க நடிகர் ஹேங்க் அசாரியா. அவரது மிகையான உச்சரிப்பைப் பேசிக்காட்டியே இந்திய வம்சாவளிப் பிள்ளைகளைச் சக மாணவர்கள் கேலி செய்தனர். அந்த மனக்காயத்தை நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஆவணப்படமாக்கினார். அவரும் இத்தொடரின் ரசிகர்தான். மறு ஆண்டு, லிசா பாத்திரத்தின் வாயிலாகத் தொடர் அளித்த பதில் மழுப்பலாகவே இருந்தது.

2020-இல் அப்பாத்திரத்திலிருந்து விலகிய அசாரியா, அமெரிக்காவில் உள்ள ஒவ்வோர் இந்தியரிடமும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும் எனத் தமக்குத் தோன்றுவதாக 2021-இல் கூறினார்.