பெருஞ்சிரையில் தோன்றி ஈரலை அடையும் புற்று

கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் சிறுநீரகங்களிலிருந்தும் ஈரலிலிருந்தும் திரும்பி வரும் ரத்தத்தை ஏந்திக்கொண்டு, முதுகெலும்பின் வலப்புறமாக மேலேறி இருதயத்தில் சேரும் கீழ்ப்பெருஞ்சிரையின் சுவரில் மென்தசையணுக்கள் உண்டு. அவ்வணுக்கள் விகாரமடைந்து பெருகுவதால் உண்டாகும் புற்றை மருத்துவர்கள் லெயோமயோசார்கோமா என்று அழைக்கிறார்கள். 1871ஆம் ஆண்டில் பெர்ல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் முதன்முதலாக விவரித்த இந்த வியாதி மிகவும் அபூர்வமானது. மென்திசுக்களில் தோன்றும் புற்றுகளையெல்லாம் சேர்த்து எண்ணினாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இதுவாக இராது. ஐம்பதையும் அறுபதையும் ஒட்டிய வயதுள்ள ஸ்திரீகளிடத்தில்தான் இது பெரும்பாலும் காணப்படுகிறது.

இதனை ஆரம்பத்திலேயே கண்டுகொள்வது ஏன் துர்லபமாக இருக்கிறது என்றால், இது மெதுவாக வளர்வதும், வயிற்றின் பின்சுவரை ஒட்டி மறைந்து வளர்வதுமே காரணம். பிரதான வாய்க்கால் சிறிது சிறிதாகத் தூர்ந்துவரும்போது தண்ணீர் கிளை வாய்க்கால்களைத் தேடிக்கொள்வதுபோல, சிரை அடைபட அடைபட ரத்தமும் பக்கத்துச் சிறு சிரைகளைப் பெரிதாக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது. ஆகவே வீங்க வேண்டிய கால் பலருக்கு வீங்குவதே இல்லை. கட்டி சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே இருந்தால் கால் வீக்கமும், அவற்றுக்கும் ஈரலுக்கும் இடையே இருந்தால் மேல்வயிற்று வலியும், அதற்கும் மேலே ஈரல் சிரைகள் வந்து சேருமிடத்தை அடைத்துவிட்டால் ஈரல் பெருத்தலும் மகோதரமும் உண்டாகலாம். சிரைக்குள் காணும் அடைப்பைச் சாதாரண ரத்தக்கட்டி என்றெண்ணி மருந்து கொடுத்துக் காலம் கழிந்துவிடுவதும் உண்டு. ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பரிசோதித்தால்தான் வியாதி இன்னதென்று நிச்சயப்படும்.

இவ்வியாதி ஈரலுக்கு வருகிற மார்க்கம் கவனிக்கத்தக்கது. குடலில் தோன்றும் புற்று, குடலின் ரத்தம் போகும் வழியே நேராக ஈரலை அடைந்துவிடுகிறது. கீழ்ப்பெருஞ்சிரையின் ரத்தமோ ஈரலுக்குள் செல்வதில்லை. இருதயத்தின் வலப்புறத்தை அடைந்து நுரையீரலுக்குச் செல்கிறது. அதனால் நுரையீரலிலும் இது அடிக்கடி பரவுகிறது. ஈரலில் முடிச்சுகளாகக் காணப்படுபவை, பெரும்பாலும் நுரையீரலின் நுண்குழாய்களையும் கடந்து தமனி ரத்தத்தோடு வந்து தங்கிய அணுக்களால் ஆனவை. சிரையின் மேற்பகுதியில் உள்ள கட்டி அருகிலுள்ள ஈரல் சிரையின் வாய்க்குள் தானே வளர்ந்து நுழைவது வேறு விஷயம். அது பரவல் அன்று, மூலக்கட்டியின் விஸ்தரிப்பே ஆகையால், சாத்தியமான இடங்களில் கட்டியோடு சேர்த்தே அகற்றப்படும். ஸ்கேனில் ஈரலில் ஒரு நிழல் தெரிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நோயாளியின் குடும்பத்தார் கலங்கிப்போகிறார்கள். ஆனால் அது தீங்கற்ற ரத்தக்குழாய்த் திரளாகவோ வெறும் நீர்க்கட்டியாகவோ இருப்பதும் சகஜம் என்பதை முதலில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூலக்கட்டிக்குப் பூரண நிவாரணம் தரக்கூடியது சஸ்திர சிகிச்சை ஒன்றே. கட்டியைச் சுற்றி நல்ல திசுவும் சிறிது சேர்ந்து வரும்படி சிரையின் அப்பகுதியை முழுவதுமாக வெட்டியெடுத்து, அவ்விடத்தில் செயற்கைக் குழாயைப் பொருத்துகிறார்கள். கிளைச்சிரைகள் நன்றாக வளர்ந்திருந்தால் குழாயின்றியே விட்டுவிடுவதும் உண்டு. இதில் சிறுநீரகங்களின் நிலை விசித்திரமானது. இடது சிறுநீரகத்தின் சிரையில் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் சூலகத்திலிருந்தும் வரும் கிளைகள் சேர்வதால், அதன் பிரதான வாயைக் கட்டிவிட்டாலும் ரத்தம் வேறு வழியே வெளியேறும். வலது சிறுநீரகத்துக்கு அந்த வசதி இல்லாமையால், அதன் சிரையைத் திரும்ப இணைத்தாக வேண்டும், அல்லது சிறுநீரகத்தையே இழக்க வேண்டும். முதல் சஸ்திர சிகிச்சையில் விளிம்பு சுத்தமாக அமையாவிட்டால் இரண்டாவதில் அதை ஈடுசெய்வது மிகக் கடினம். ஆகவே கத்தி வைப்பதற்கு முன்பே சார்கோமா என்னும் இவ்வகைப் புற்றுகளில் பழகிய சஸ்திர வைத்தியரும், மருந்துச் சிகிச்சை நிபுணரும், கதிரியக்க நிபுணரும், திசுவைப் பரிசோதிப்பவரும் ஒன்றாகக் கூடிப் பேசும் மருத்துவமனையைத் தேடிச் செல்வது அவசியம்.

ஈரலுக்குப் பரவிய பின் என்ன செய்வது என்பதை நிர்ணயிப்பதில், முடிச்சுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் வியாதியின் வேகத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். மூலக்கட்டியை அகற்றி வருஷங்கள் சென்றபின் ஈரலில் ஓரிரு முடிச்சுகள் மட்டும் தோன்றினால், அவற்றை வெட்டியெடுப்பது நியாயமான உபாயம். ஆரோக்கியமான ஈரலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பாகம் எஞ்சினாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட முடிச்சுகளை ஊசியைச் செலுத்தி வெப்பத்தால் கருக்கிவிடலாம். ஈரலின் நல்ல திசு பெரும்பாலும் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையின் ரத்தத்தால் வாழ, கட்டியோ தமனியின் ரத்தத்தையே உறிஞ்சுகிறது. அதனால் அந்தத் தமனிக்குள் மருந்தையோ கதிரியக்கத் துகள்களையோ செலுத்தி, நல்ல திசுவுக்கு அதிகச் சேதமின்றிக் கட்டியைத் தாக்க முடிகிறது. சில மாதங்களுக்குள்ளேயே பல இடங்களில் முடிச்சுகள் கிளம்பினாலோ, கத்தியை ஒதுக்கிவைத்து மருந்தில் ஆரம்பிப்பதே விவேகம்.

மருந்துகளில் நெடுங்காலமாக முதலிடம் வகிப்பது டாக்ஸோரூபிசின். இருதயத் தசையை அது நலிவிக்குமாகையால் ஆயுள் முழுவதுக்கும் ஓர் அளவுக்குமேல் கொடுக்கலாகாது. டிராபெக்டெடின் என்ற மற்றொன்று, கரீபியக் கடலோரத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களில் ஒட்டி வாழும் ஒரு சிறு பிராணியில் கண்டெடுக்கப்பட்டது. பிரான்ஸ் தேசத்தில் சஸ்திரத்தால் அகற்ற இயலாத அல்லது பரவிவிட்ட லெயோமயோசார்கோமா கொண்ட 150 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது: டாக்ஸோரூபிசினை மட்டும் பெற்றவர்களின் ஆயுட்கால இடைநிலை 24 மாதங்களாக இருக்க, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 33 மாதங்களாயிற்று. உபாதைகளும் கூடுதலாகவே இருந்தன. ஆயினும் ஆறு சுற்று மருந்துக்குப் பின் எஞ்சிய கட்டியைச் சஸ்திரத்தால் அகற்றவும் அச்சோதனையில் இடமளித்திருந்தார்கள் என்பது முக்கியமானது. இவை பலிக்காதபோது ஜெம்சிடபின், டோசிடாக்செல், டகார்பசின், மாத்திரையாக உட்கொள்ளும் பசோபனிப் முதலியவை இருக்கின்றன.

வலியையும் மகோதரத்தையும் பசியின்மையையும் தணிக்கும் சிகிச்சை கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கத்தக்கதன்று. மருந்து ஆரம்பிக்கும் நாளிலேயே அதுவும் ஆரம்பிக்க வேண்டும். சஸ்திரத்துக்குப் பின் முதல் சில வருஷங்களுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மார்பையும் வயிற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஐந்து வருஷம் கடந்தும் இந்த வியாதி திரும்புவதுண்டு. அதனால் அதற்குப் பின்னும் வருஷந்தோறும் பார்ப்பதை விடலாகாது. அப்படிப் பார்த்து வருகையில் முடிச்சு சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டால், ஈரலில் சஸ்திரத்தையோ ஊசியையோ இரண்டாம் முறையும் பிரயோகிக்க இடமிருக்கிறது.