அரைப் பக்கத்தில் அடங்கும் ஆராய்ச்சி

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள விழிஞ்ஞத்தில், துறைமுகத்து அலைதடுப்புச் சுவருக்கு அப்பால், பெரியதொரு கான்கிரீட் அறை கடலில் நிறுத்தப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வகுத்த அமைப்பு அது. கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நம் நாட்டின் முதல் நிலையமாக 1991ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கிற்று. அலை ஏறுங்கால் அறையினுள் இருக்கும் காற்று மேலே தள்ளப்படும். இறங்குங்கால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையிற் சென்றாலும் ஒரே திசையிற் சுழலும் வெல்ஸ் டர்பைன் அங்குப் பொருத்தப்பட்டிருந்தது. அந்நிலையம் இன்று இயங்கவில்லை.

இத்தகைய சோதனைக்குக் குறிப்பேடுகள் அலமாரி அலமாரியாகச் சேரும். ஆனால் விஞ்ஞான மாநாட்டுக்குக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்போர் அவற்றைப் பார்ப்பதில்லை. அவர்கள் கையிற் கிடைப்பது அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றே. பம்பாயிலோ டில்லியிலோ ஆய்வுக்கூடத்திற் பணிபுரியும் நம் வீட்டுப் பிள்ளைக்கு மேடையும் வழிச்செலவும் கிடைப்பதும் கிடையாமற் போவதும் பெரும்பாலும் அந்த அரைப் பக்கத்தைப் பொறுத்தனவே.

நன்னூலார் நூலுக்குரிய அழகுகளுள் சுருக்கத்தை முதலில் வைத்தார்; குற்றங்களை எண்ணுமிடத்துக் குன்றக் கூறலை முதலில் வைத்தார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் சுருக்கம் எழுதுவோன் நடக்க வேண்டும்.

விழிஞ்ஞத்தையே எடுத்துக்கொள்வோம். "உலகில் எரிபொருள் தேவை நாளுக்கு நாள் பெருகி வருகிறது" என்று தொடங்கினால், யாவரும் அறிந்ததைச் சொல்லுவதிலேயே பாதி இடம் போய்விடும். "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று முடித்தாலோ, இலை போட்டுச் சோறு படைக்காத கதைதான். மாறாக, முதல் வாக்கியத்திலேயே வினாவை நிறுத்துக: 150 கிலோவாட் மின்னாக்கி, தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களிலும் இவ்விடத்திற்குப் பொருந்துமா? அடுத்து, எதை, எக்கருவியால், எத்தனை மாதம் அளந்தோம் என்பது. அதன்பின் விடை. பருவக்காற்றுக் காலத்தில் அலை மிகுதி என்பது விடையாகாது. அதை அவ்வூர் மீனவர் எவரும் சொல்லுவர். எத்தனை மடங்கு மிகுதி என்று எண்ணால் உரைப்பதே ஆராய்ச்சி. ஆகவே விடைக்கு மிகுதியான இடம் தருக.

ஒரு பருவத்தில் மட்டும் அளந்திருந்தால் அதனையும் மறையாது எழுதுக. அக்கணக்கை நம்பி வேறொரு கரையிற் பொருள் செலவிடுவோர் இருக்கக்கூடும் அல்லவா?

தலைப்பை இறுதியில் எழுதுவது நலம். எழுதியதை வேறு துறை நண்பர் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுக. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறிக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டளவில் அதே நிலையத்தின் ஆற்றலால் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையும் நடைபெற்றது. அது வேறு வினா. அதற்குத் தனிச் சுருக்கமே எழுத வேண்டும். முன்னதன் வாலில் ஒட்டலாகாது.